ஆளுக்கு ஒரு வாத்தியம்

ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் நினைத்திருந்தால் அந்தப் பன்னிரண்டு பேரிடமும் ஓர் ஆர்கெஸ்ட்ராவையே ஒப்படைத்திருக்கலாம். ஆளுக்கு ஒரு வாத்தியக்காரரைத்தான் கொடுத்தார். 1967 ஆகஸ்டு, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் நடக்கும் கோடைக்கால இசைப் பட்டறை. வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த இளம் இசையமைப்பாளர்கள் பன்னிரண்டு பேர், வாத்தியங்களும் பன்னிரண்டு. வாத்தியக்காரர் வாசிக்கும்போது எழுதியவர் கைகட்டி நிற்க முடியாது. ஒலிநாடாவையோ சிற்றலை வானொலியையோ வைத்துக்கொண்டு அவரும் கூடவே ஒலி எழுப்ப வேண்டும். 29ஆம் தேதி ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் பன்னிரண்டு ஜோடிகளும் சேர்ந்து அரங்கேற்றினார்கள். பெயர் ‘என்செம்பிள்’. ஏறக்குறைய நான்கு மணி நேரம்.

நான்கு மணி நேரத்தையும் உட்கார்ந்து கேட்பேனா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஜோடி சேர்த்த அழகு இருக்கிறதே, அதற்கு எத்தனை முறை வேண்டுமானாலும் தலையாட்டலாம். ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுகிறவனுக்கு ஒளிந்துகொள்ள இடம் நிறைய. எண்பது பேர் வாசிக்கையில் ஒரு பஸூன் திணறினால் யார் கவனிக்கப் போகிறார்கள்? பக்கத்து நாற்காலியில் ஒரே ஒரு செல்லோக்காரர் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. ‘வில்லைக் குதிரையை ஒட்டி இழுக்கவும், மிக மெல்லமாக’ என்று தாளில் எழுதியாகிவிட்டது. அவர் இழுத்துக் காட்டுகிறார். தந்திகளைத் தாங்கும் அந்தக் குதிரையை நெருங்க நெருங்க அடிச்சுரம் மெலிந்து, கண்ணாடிச் சீவல் மாதிரி மேலொலிகள் மட்டும் மிஞ்சுகின்றன. இன்னும் மெல்லமாகச் செய் என்றால் வில் தந்தியைப் பிடிக்காமல் வழுக்குகிறது. எழுதியவன் மனசுக்குள் கேட்ட ஒலி ஒன்று, கையில் வருவது இன்னொன்று. பல சமயம் வருவதுதான் நன்றாகவும் இருக்கிறது! அப்போது பென்சிலை எடுத்து எழுதியதை அடிக்கிறானே, அந்த ஒரு கீறலுக்காகத்தான் இந்த மாதிரி முகாம்களே நடக்கின்றன என்பது என் கட்சி.

இன்னொரு நயமும் உண்டு. எந்தப் பாடப்புத்தகமும் இதை இத்தனை பலமாக மண்டையில் ஏற்றாது. “இந்தப் பக்கத்தை நான் எப்போது திருப்புவது?” என்று வாத்தியக்காரர் கேட்பார். இரண்டு கையும் வேலையாக இருக்கும் இடத்தில் பக்கம் முடிந்திருக்கும். இசைத் தத்துவம், நவீனம் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்த இளைஞன் சட்டென்று மௌனமாகி, எங்கே இரண்டு மாத்திரை ஓய்வு விடலாம் என்று தேட ஆரம்பிப்பான்.

டார்ம்ஸ்டாட் பட்டறை தொடங்கியது 1946இல். 1944 செப்டம்பர் 11ஆம் தேதி இரவில் நேச நாட்டுக் குண்டுகள் அந்த ஊரைத் தரைமட்டமாக்கியிருந்தன. நகருக்கு வெளியே தப்பி நின்ற கிரானிக்‌ஷ்டைன் என்ற பழைய வேட்டை மாளிகையில் வொல்ஃப்காங் ஷ்டைனெக்கே வகுப்புகளை ஆரம்பித்தார். நாஜி ஆட்சியின் பன்னிரண்டு ஆண்டுகளில் எந்த இசையெல்லாம் காதுக்கு எட்டாமல் போனதோ, அதை இளைஞர்களுக்குக் கேட்கக் கொடுப்பதுதான் முதல் வேலை. வீடு கட்டச் செங்கல் கிடைக்காத ஊரில் இதற்கும் ஒருவருக்கு மனசு இருந்திருக்கிறது.

1949இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியான் வந்தார். அங்கே அவர் எழுதத் தொடங்கிய ஒரு சின்ன பியானோ உருப்படியில் சுரங்கள் 36, கால அளவுகள் 24, விரல் விழும் விதங்கள் 12, ஒலியின் அழுத்தங்கள் 7. ஒவ்வொரு சுரத்துக்கும் அதற்கே உரிய நீளமும் அழுத்தமும் தொடுகையும் உண்டு. ஒரு சுரம் திரும்பி வந்தால் அதே முகத்தோடுதான் வரும். 1951 கோடையில் இதன் இசைத்தட்டை அங்கே போட்டுக் காட்டியபோது கேட்டவர்களில் ஒருவர் 22 வயது ஸ்டாக்ஹவுசன். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அவர் பாரிசில் மெசியானின் வகுப்பில் இருந்தார். தட்டு ஓடியது சில நிமிடங்கள்தான்.

1958இல் இசையமைப்பாளர் புலே வர முடியாமல் போக, அமெரிக்கரான ஜான் கேஜை அழைத்தார்கள். அவருடைய மூன்று உரைகளில் ஒன்று பெரும்பாலும் கேள்விகளாலேயே ஆனது. விடை சொல்ல வந்தவர் கேள்வியாக அடுக்கினால் மாணவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! கூட்டத்தில் இரண்டு கொரியர்கள் இருந்தார்கள். ஒருவர் நாம் ஜுன் பைக். பிற்காலத்தில் வீடியோ கலையின் முன்னோடி ஆனவர். மற்றவர் ஈசாங் யுன், நாற்பது வயதில் மாணவராக வந்து உட்கார்ந்தவர். அடுத்த ஆண்டே ஏழு வாத்தியங்களுக்கான அவருடைய படைப்பு அதே ஊரில் அரங்கேறியது. பிற்பாடு அவர் ஒற்றைச் சுரத்தை எடுத்து வளைத்து, அசைத்து, நடுங்கவிட்டு வளர்த்த விதத்தைக் கேட்டால், கமகத்தில் ஊறிய நம் காது அன்னியமாக உணராது. நவீன ஐரோப்பிய இசையின் பன்னிரண்டு சுரக் கணக்கைக் கற்கப் போனவருக்கு, கொரிய அரண்மனை இசையில் தன் கையிருப்பு என்ன என்பதும் அந்த ஆண்டுகளில்தான் தெளிந்தது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

இந்தியாவிலிருந்தும் ஒரு கதை உண்டு. டில்லியில் பிறந்த இசையமைப்பாளர் பரம் வீர் 1983இல் இங்கிலாந்தின் டார்டிங்டன் கோடைப் பள்ளிக்குப் போனார். அங்கே ஆங்கில இசையமைப்பாளர் பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு லண்டனுக்கே குடிபெயர்ந்துவிட்டார். 1992இல் அவருடைய இரண்டு ஓபராக்கள் அரங்கேறின. அவற்றில் ஒன்றின் கதை தாகூருடையது.

இனி இங்கே நம் மலேசியப் பக்கம் பார்க்கலாம். பெட்ரோனாஸ் கோபுரத்தடியில் 1998இல் மலேசிய ஃபில்ஹார்மோனிக் வாசிக்கத் தொடங்கியது. மலேசிய இசையமைப்பாளர்களின் புதுப் படைப்புகளை வாசித்துப் பார்க்கும் அரங்கு ஒன்றையும் பிற்பாடு நடத்தியது. குளுவாங்கில் பிறந்த சோங் கீ யோங் போன்றவர்கள் வெளிநாட்டு மேடைகள்வரை போனார்கள். தங்கிப் படைப்பதற்கான இடமும் தூரத்தில் இல்லை. சுங்கை பூலோவில் கொமுட்டர் ஏறினால் ரவாங் பக்கம் அடுத்த நிலையம் குவாங். கட்டடக் கலைஞர் ஹிஜ்ஜாஸ் கஸ்தூரியும் அவர் மனைவி ஆஞ்சலாவும் அங்கே நடத்தும் ரிம்புன் டாஹானில் 1994 முதல் ஓவியர்கள் தங்கி வேலை செய்கிறார்கள். பிறகு நடனக்காரர்களும் எழுத்தாளர்களும் வந்தார்கள். 14 ஏக்கர் தோட்டம், பேராக்கிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய பழைய மலாய் மரவீடு. மாலை மழை கூரையில் இறங்கினால் எந்தப் பட்டறைக்கும் இலவசப் பக்கவாத்தியம்.

அங்கே ஸ்டாக்ஹவுசன் முறையில் ஜோடி சேர்க்கச் சொன்னால் நான் முதலில் கூப்பிடுவது பத்துமலைத் தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் போகும் உறுமிக்காரர் ஒருவரைத்தான். ஒரு முகத்தில் குச்சியடி. மறு முகத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்க்கத் தேய்க்க, தோல் அடித்தொண்டையில் முனகுகிறது. அழுத்தம் கூடினால் ஒலி ஏறுகிறது, தளர்ந்தால் குழைந்து இறங்குகிறது. ஐரோப்பியர் ‘வாத்தியத்தின் புது ஒலிகள்’ என்று அரை நூற்றாண்டாகத் தேடி எழுதுவதில் பாதி இந்தத் தேய்ப்பில் இருக்கிறது.

அதை ஐந்து கோட்டில் எப்படி எழுதுவது என்று அவரோடு ஜோடி சேரும் இளம் இசையமைப்பாளன் தலையைச் சொறிவான். அதற்கும் முன்மாதிரி உண்டு. பின்னாளில் டார்ம்ஸ்டாட்டில் பாடம் நடத்திய லாகென்மான், 1969இல் ‘பிரெஸியோன்’ என்று தனிச் செல்லோவுக்கு ஓர் உருப்படி எழுதினார். சுரத்தைக் குறிக்கும் சாவிக்குப் பதிலாக அதில் இருப்பது செல்லோவின் உடல் வரைபடம். குதிரை எங்கே, தந்தி எங்கே, கை எங்கிருந்து எங்கே போகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதைத்தான் கோடுகள் சொல்கின்றன. உறுமிக்கும் அப்படி ஒரு படம் போடலாம்: தோலின் நடு, விளிம்பு, குச்சியின் சாய்வு, அழுத்தம் ஏறும்போது தடித்துக்கொண்டே போகும் ஒரு கோடு. முதல் வரைவை உறுமிக்காரரிடம் காட்டினால் எப்படியும் இரண்டு இடத்தில் திருத்தம் சொல்வார். பென்சில் கையில் இருக்கட்டும்.