தடுக்க முடியாது என்ற முன்முடிவு

பிரிட்டன் 2011 நவம்பரில் வெளியிட்ட இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்று ஆயத்த வியூகத்தை இன்று மதிப்பிடுபவர் இரண்டு எளிய வழிகளை ஒதுக்கியாக வேண்டும். 2020இல் தெரிந்ததை வைத்து 2011ஐ அடிப்பது ஒன்று. யாரும் எதிர்பாராத கிருமி வந்துவிட்டது என்று ஆவணத்தை மன்னித்துவிடுவது மற்றொன்று. முன்னது நியாயமில்லை, பின்னது உண்மையில்லை. ஆயத்தத் திட்டம் எதுவாயினும், எழுதப்பட்ட நாளில் கையிலிருந்த அறிவைக் கொண்டே அதை எடைபோட வேண்டும். அப்படி எடைபோட்டாலும் இந்த ஆவணம் தேறவில்லை என்பதே என் தீர்ப்பு. அது தோற்கும் இடம்தான் வழக்கமாகச் சுட்டப்படும் இடத்திலிருந்து வேறுபடுகிறது.

சிறப்புகள் மெய்யானவை. 2009 எச்1என்1 அனுபவத்தையும், அதன்பின் டெய்ர்ட்ரி ஹைன் நடத்திய மறுஆய்வையும் ஆவணம் உள்வாங்கியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அறிவிக்கும் கட்டங்களுக்காகக் காத்திருந்து உள்நாட்டில் செயல்படும் பழைய முறையைக் கைவிட்டு, கண்டறிதல், மதிப்பிடுதல், சிகிச்சை, தீவிரப்படுத்தல், மீட்சி என்று தனக்கான படிநிலைகளை வகுத்துக்கொண்டது. நோயின் கடுமைக்கு ஏற்றபடி நடவடிக்கையும் அமைய வேண்டும் என்ற அளவறிதலும் அதில் உண்டு. எண்களில் மழுப்பல் இல்லை. மோசமான நிலையில் மக்களில் பாதிப் பேருக்கு அறிகுறி தோன்றலாம், நோயுற்றோரில் 2.5 விழுக்காட்டினர் இறக்கலாம் என்கிறது. 15 வாரங்களில் 2,10,000 முதல் 3,15,000 வரை கூடுதல் மரணங்களுக்குத் திட்டமிடச் சொல்கிறது. சாவின் கணக்கைப் பேசக் கூசும் அரசு மொழியில் இது அரிய நேர்மை.

ஆனால் அந்த எண்ணை அது என்ன செய்கிறது என்று பார்த்தால் முதல் விரிசல் தெரிகிறது. அத்தனை மரணங்களைச் சமாளிப்பது எப்படி என்று ஆவணம் கேட்கிறது. குறைப்பது எப்படி என்ற கேள்விக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து, தடுப்பூசி, கைகழுவும் பழக்கம் ஆகியவற்றைத் தாண்டி அதனிடம் பதில் மிகக் குறைவு. காரணம், வைரஸின் பரவலை நிறுத்த இயலாது என்பதை அது தொடக்கத்திலேயே அடிப்படையாகக் கொண்டுவிட்டது. ஃப்ளூவைப் பொறுத்தவரை இது வலுவான அனுமானம். ஓரிரு நாளில் அறிகுறி தோன்றி, அதற்குள் அடுத்தவருக்குத் தாவிவிடும் நோயைத் தொடர்பறிந்து துரத்துவது கடினம்.

இந்த இடத்தில்தான் ஒரு வாக்கியம் ஆவணத்தையே கவிழ்க்கிறது. ஃப்ளூவுக்கென வகுத்த திட்டங்களை மருத்துவமனைகளில் பரவும் சார்ஸ் போன்ற வேறொரு தொற்றுக்கும் மாற்றிப் பயன்படுத்தலாம் என்று ஆசிரியர்கள் போகிறபோக்கில் எழுதிச் செல்கிறார்கள். அதன் பரவும் போக்கு முற்றிலும் வேறானது என்பதையும் அதே வாக்கியத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். எப்படி மாற்றுவது, யார் மாற்றுவது, எந்த அறிகுறியைக் கண்டதும் மாற்றுவது என்ற கேள்விகள் எழுப்பப்படவே இல்லை. 2003இல் சார்ஸ் 8,098 பேரைத் தாக்கி 774 பேரைக் கொன்றது. மருந்தும் தடுப்பூசியும் இல்லாமலேயே அடக்கப்பட்டது. அடக்கிய கருவிகள் நோயாளியைப் பிரித்துவைத்தல், அவருடன் பழகியோரைத் தேடும் தொடர்பறிதல், அவர்களைத் தனிமைப்படுத்தல். இவற்றைப் பேரளவில் செய்வதற்கான திட்டம்தான் இந்த ஆவணத்தில் இல்லை. தான் பெயர் சொல்லி உதாரணம் காட்டும் நோயே தன் அடிப்படை அனுமானத்தை மறுக்கிறது என்பதை ஆசிரியர்கள் கவனிக்கவில்லை. இதைக் கண்டுகொள்ள 2020 வரை காத்திருக்க வேண்டியதில்லை. எட்டாண்டுப் பழைய வரலாறு போதும். என் பார்வையில் இது முறையியல் பிழை, கணிப்புப் பிழையன்று.

எழுத்தில் உள்ள பிழையை ஒத்திகை திருத்தியிருக்கலாம். 2016 பிப்ரவரியில் நடந்த ‘ஆலிஸ்’ ஒத்திகை மெர்ஸ் கொரோனா வைரஸை எடுத்துக்கொண்டது. தனிமைப்படுத்தலும் தொடர்பறிதலும் அங்கே பேசப்பட்டன. பெரிய வியூகத்தில் அதன் சுவடு படியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நடந்த ‘சிக்னஸ்’ ஒத்திகையோ கடும் ஃப்ளூவையே சோதித்தது. தன் சொந்தக் களத்திலேயே நாடு தயாராக இல்லை என்று அது வெளிப்படையாக முடிவுகட்டியது. முதியோர் பராமரிப்புத் துறையின் தாங்குதிறன் பற்றி எச்சரித்தது. அதன் 22 பரிந்துரைகளில் 2020 ஜூன் வரை நிறைவேறியவை எட்டு. ஒப்பந்தமில்லாத பிரெக்சிட்டுக்கான தயாரிப்பு, ஆட்களையும் நேரத்தையும் இழுத்துக்கொண்டது. அறிக்கையோ 2020 வரை மக்கள் பார்வைக்கே வரவில்லை. திறனாய்வுக்கு எட்டாமல் ஒளித்துவைத்த தேர்வு முடிவு யாரையும் திருத்தாது. 2020 மார்ச் நடுவிலிருந்து ஒரு மாதத்தில் ஏறத்தாழ 25,000 நோயாளிகள் மருத்துவமனைகளிலிருந்து பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பலருக்குப் பரிசோதனைகூட இல்லை. எச்சரிக்கப்பட்ட இடத்திலேயே அடி விழுந்தது.

தென்கொரியாவை ஒப்பிடுவது சலித்துப்போன வழக்கம்தான். ஆயினும் இங்கே ஒரு விவரம் விலக்க முடியாதது. 2015இல் மெர்ஸ் அங்கே 186 பேருக்குத் தொற்றி 38 பேரைப் பலிகொண்டது. சறுக்கலை ஒப்புக்கொண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். நெருக்கடியில் பரிசோதனைக் கருவிகளுக்கு அவசர அனுமதி தரும் வழியும் பிறந்தது. 2020 ஜனவரி 27 அன்று சியோல் ரயில் நிலையத்தில் ஓர் அறையில் பரிசோதனைக் கருவி தயாரிக்கும் நிறுவனங்களைக் கூட்டிப் பேசினார்கள். பிப்ரவரி 4 அன்று முதல் அனுமதி வழங்கப்பட்டது. பிரிட்டனோ மார்ச் 12 அன்று சமூகத்தில் பரிசோதனையையும் தொடர்பறிதலையும் நிறுத்திக்கொண்டது. கொரியர்கள் கிருமியின் பெயரைச் சரியாக ஊகித்ததால் வென்றார்கள் என்று சொல்வது மேலோட்டம். எந்தக் கிருமிக்கும் உதவும் செயல்திறனை அவர்கள் கட்டிவைத்திருந்தார்கள்.

பிரிட்டன் கோவிட் பெருந்தொற்றை எதிர்கொண்ட விதம் குறித்து 2024 ஜூலையில் வெளிவந்த ஹாலெட் விசாரணை அறிக்கையையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். பொறுப்புகள் சிதறிக்கிடந்த நிர்வாகச் சிக்கலை அது பிரித்துக்காட்டும் தெளிவு பாராட்டுக்குரியது. ஆலோசகர்களிடம் மாற்றுக் கருத்து அருகிப்போனதைச் சுட்டும் துணிவும் அவ்வாறே. எனினும், தவறான பெருந்தொற்றுக்குத் தயாரானார்கள் என்ற அதன் பெயர்பெற்ற கூற்று, அடுத்த முறை சரியான கிருமியை ஊகித்தால் போதும் என்று வாசகரைத் திசைமாற்றக்கூடியது. அறிக்கையின் உள்வாதம் இதைவிட நுட்பமானது: ஒரே காட்சியை நம்பியதையே அது குற்றம்சாட்டுகிறது. தலைப்புச் செய்திகளில் அந்த நுட்பம் தங்கவில்லை.

பத்துப் பரிந்துரைகளில் நான் முதலிடம் தருவது, மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் நாடு தழுவிய ஒத்திகை நடத்தி, கண்டவற்றை மூன்று மாதத்துக்குள்ளும் செயல்திட்டத்தை ஆறு மாதத்துக்குள்ளும் வெளியிட வேண்டும் என்பதற்கே. சிக்னஸுக்கு இந்த விதி இருந்திருந்தால் 2017 ஜனவரியிலேயே பராமரிப்பு இல்லங்களை நடத்துவோரும், செவிலியர் சங்கங்களும், நிருபர்களும் அந்த 22 பரிந்துரைகளையும் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டிருப்பார்கள். பதில் சொல்ல அரசுக்கு மூன்றாண்டு அவகாசம் இருந்திருக்கும்.