முகம் மாறும், ஏவல் மாறாது

இயான் நிறுவனம் எடுத்த 25 ஜேம்ஸ்பாண்ட் படங்களில், 1962 தொடங்கி 2021 வரை, ஆறு நடிகர்கள் வந்து போனார்கள். கடைசிப் படத்தில் பாண்ட் செத்தே போகிறான். ஆனாலும் எழுத்து ஓடி முடிகையில் அவன் மறுபடி வருவான் என்று அறிவிப்பு. செத்தவன் எப்படி வருவான்? செத்தது ஆள், 007 என்பது பதவி.

எங்கள் திருத்தணிப் பக்கம் தமிழ்ப்படமும் உண்டு, தெலுங்குப்படமும் உண்டு. 1966இல் இங்கே ‘வல்லவன் ஒருவன்’ ஜெய்சங்கர், அங்கே ‘கூடாச்சாரி 116’ கிருஷ்ணா. 1968இல் எம்.ஜி.ஆர். ‘ரகசிய போலீஸ் 115’. எண்ணை இறக்குமதி செய்தோமே ஒழிய அதற்கு வாரிசு வைக்கவில்லை. 1970இல் வந்த ‘சி.ஐ.டி. சங்கர்’ நடிகர் பெயரிலேயே பாதியை எடுத்துக்கொண்டது. 1986இன் விக்ரம் கமல்தான். 2022இலும் அவரேதான், தாத்தாவாக. நம்மிடம் முகமே அதிகாரம். 115ஆம் எண்காரர் 1977இல் முதலமைச்சரே ஆகிவிட்டார். இதைக் காட்டி, நாம் நட்சத்திர பக்தர்கள், அவர்கள் பாத்திரத்தை மதிப்பவர்கள் என்று சொல்லும் விமர்சனம் எனக்கு உடன்பாடில்லை. முகம் தேவைப்படாத அதிகாரம் அதைவிட ஆபத்தானது.

ஆள்மாற்றம் இந்தக் கதையாடலில் என்ன வேலை செய்கிறது? கணக்கைத் துடைக்கிறது. 1969இல் லேசன்பி பாண்டின் மனைவி ட்ரேசி சுடப்பட்டுச் சாகிறாள். 1981இல் அவள் கல்லறைக்குப் பூவோடு போகிறவர் ரோஜர் மூர். துக்கம் மட்டும் முகம் தாண்டி வருகிறது, கொலைகள் வருவதில்லை. 2006இல் டேனியல் கிரெய்க் வந்ததும், இரண்டு கொலை செய்து பாண்ட் உரிமம் வாங்குவதிலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. நாற்பது வருஷப் பிணங்களைக் காணோம். உத்தரவு போடும் ‘எம்’ மட்டும் 1995இல் பிராஸ்னனுக்குப் போட்ட அதே ஜூடி டென்ச்!

இனி ஏவலாளைப் பார்ப்போம். ‘டாக்டர் நோ’ ஜமைக்காவில் எடுக்கப்பட்டது. அந்நாடு 1962 ஆகஸ்டில் விடுதலை பெற்றது. அக்டோபரில் படம் வந்தது. அதில் பாண்டுக்கு வழிகாட்டப்போய்த் தீயில் கருகிச் சாகிறான் குவாரல் என்கிற கறுப்புப் படகோட்டி. 1973இல் ரோஜர் மூரைப் புது பாண்டாக அறிமுகப்படுத்திய ‘லிவ் அண்ட் லெட் டை’யில் படகோட்ட வருகிறவன் குவாரல் ஜூனியர், செத்தவனின் மகன்! பாண்டைப் பலரையும் பரிசீலித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். குவாரலைப் பிறப்பால் எடுத்துக்கொள்கிறார்கள். கொல்லும் உரிமை பதவிவழி, ஏவல் குலவழி. இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1983இன் ‘ஆக்டோபஸி’யில் உதய்ப்பூரில் பாண்டுக்கு உதவுகிறவர் நம்ம சென்னை விஜய் அமிர்தராஜ். அவரும் பாதியிலேயே கொல்லப்படுகிறார்.

சினிமாதானே என்று தள்ளிவிட முடியாது. 2015 ஏப்ரல் 7 அன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 தமிழ்க் கூலிகள் செத்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள், தாக்கினார்கள் என்றது போலீஸ். போலி மோதல் என்றார்கள் மனித உரிமைக்காரர்கள். சுட்ட கைகளுக்கு நம் நினைவில் முகமில்லை. அதிகாரிகள் மாறுவார்கள், பதவி இருக்கும். அதற்குப் பிறகும் அதே ஏழை மலைக்கிராமங்களிலிருந்து ஆட்கள் போனார்கள், பிடிபட்டார்கள்.

அடுத்த பாண்ட் கறுப்பரா, பெண்ணா என்று முற்போக்காளர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் நாற்காலிக்கு யார் வந்தாலும் படகோட்ட யார் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.