காயப் போட்ட படகு

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலிலிருந்து தெற்கே உவரி வரைக்கும், கடற்கரையில் நாலைந்து கட்டைகள் தனித்தனியாக வெயிலில் கிடந்தால் விறகு என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். அது அவிழ்த்துப் போட்ட படகு என்று பிறகுதான் தெரிந்தது. கட்டுமரத்துக்குக் கயிறுதான் எல்லாம். இரவெல்லாம் கடலில் கிடந்த மரம் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். கரையேறியதும் முடிச்சை நெகிழ்த்தி, கட்டைகளைப் பிரித்து மணலில் கிடத்துவார்கள். வெயில் ஏற ஏற, கறுத்த மரம் வெளுத்து உப்புப் பூக்கும். விரலை மடக்கித் தட்டினால் ஈரமான இடம் மொத்தென்று ஒலிக்கும். காய்ந்த இடம் டக்கென்று பதில் சொல்லும்.

திரும்பக் கட்டுவதில்தான் வித்தை இருக்கிறது. குதிகாலை மரத்தில் ஊன்றிக் கயிற்றை இழுக்கும்போது ஒரு முனகல் வரும். மரத்தினுடையதா, மனுஷனுடையதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிறகு நீர் விளிம்பில் வைத்துவிட்டு ஒரு காத்திருப்பு. அவசரமே கிடையாது. முரட்டு அலைகள் மூன்று நாலு உடைந்து போகும். நடுவில் கடல் கொஞ்சம் மூச்சு விடும். “ஏல மக்கா, தள்ளுல!” அந்த ஒரு நொடிக்குள் மரம் மிதந்து, முன்மூக்கு அடுத்த அலையில் ஏறி இறங்கி, ஆள் தாவி ஏறியிருப்பார். அப்புறம்தான் பாய் விரியும்.

இப்போது கரை நிறைய ஃபைபர் படகுகள். வேகமானவை, குறை சொல்ல மாட்டேன். அவிழ்த்துக் காயப்போட முடியாது, அவ்வளவுதான்.