ஒட்டிய பட்டையும் ஓயாத இரைச்சலும்

பாத்திரம் கழுவும் எவர்சில்வர் தொட்டியின் அடியில் குனிந்து பார்த்தால், பல தொட்டிகளில் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். பட்டை இல்லாத தொட்டியில் குழாய்த் தண்ணீர் விழுந்தாலே தகரக் கொட்டகையில் மழை பெய்வது போலிருக்கும். பட்டை உள்ளதில் டம்ளர் தவறி விழுந்தாலும் ‘டங்’ என்று நீளாமல் ‘டொக்’கென்று அடங்கிவிடும். தகடு அதிரும்போது பட்டையும் சேர்ந்து வளைந்து, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக்கிவிடுகிறது. பட்டைக்கு மேல் மெல்லிய அலுமினியத் தாளையும் ஒட்டினால், நடுவிலுள்ள பசை இழுபட்டு, குறைந்த எடையிலேயே பலன் கூடும். கார்க் கதவுகளுக்குள் ஒட்டுவது இதைத்தான். மெல்லிய தகடு மணிபோல் ஒலிக்கும் இடத்தில் இதைவிட மலிவான மருந்து இல்லை.

அந்த மருந்தை எல்லா இயந்திரத்துக்கும் கொடுப்பதுதான் தவறு. மிக்சியில் அதிவேக மோட்டாரும் அதன் விசிறியும் காற்றிலேயே இரைச்சலை எழுப்புகின்றன. உறையில் எதை ஒட்டினாலும் காற்றோட்டத் துளை வழியே அது வெளியேறும். உறையின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, சுவர் எவ்வளவு கனமானாலும் சுமார் 20 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. நுரைப்பஞ்சின் கதையும் இதுதான். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் 100 ஹெர்ட்ஸில் உறுமுகிறது. அந்த ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். 25 மில்லிமீட்டர் பஞ்சு அதை அநேகமாகத் தொடுவதே இல்லை. விசைத்தறிக் கூடத்தின் கூரையில் பஞ்சுப் பலகை மாட்டினால் எதிரொலி குறையும், தூரத்தில் இருப்பவருக்குக் கொஞ்சம் நிம்மதி. தறியை ஒட்டி நிற்பவரின் காதில் நாடா அடிபடும் ஓசை நேராகவே விழுகிறது. எட்டு மணி நேரம் நிற்பவர் அவர்தான். அவருக்கு அந்தப் பலகையால் பெரிய பயன் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரத்தைப் பிரித்து மறுபடி வடிவமைக்க யாரால் முடியும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அங்கே ஒட்டுவதைத் தவிர வழியில்லாமலும் போகலாம். ஆனால் அதற்கு முன் தளர்ந்த போல்ட்டை முடுக்கலாம், தேய்ந்த பேரிங்கை மாற்றலாம், விசிறியின் சமநிலையைச் சரிசெய்யலாம், அடியில் ரப்பர் தாங்கி வைக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. பேரிங் கெடுவதை முதலில் சொல்வது சத்தம்தான். அதைப் பஞ்சால் மூடினால் பழுதும் மறைந்துவிடும். எண்ணெய் ஊறிய பஞ்சு தீக்கும் இடம் கொடுக்கும்.

புதிய இயந்திரத்துக்கு இந்தச் சமாதானம் எதுவும் பொருந்தாது. வாங்குகிறவர்கள், வேலையாள் நிற்கும் இடத்தில் எத்தனை டெசிபல் என்று அளந்து காட்டச் சொல்லி, அந்த எண்ணை ஆர்டரிலேயே எழுதி வாங்க வேண்டும்.