முன்பணமும் அங்க நாடும்: சமமற்ற நட்பு குறித்து ஓர் ஆய்வு

நட்பை ஆராய்ந்த திருவள்ளுவர் அதன் சிறப்பை மட்டும் கூறி அமையவில்லை. ‘தீ நட்பு’, ‘கூடா நட்பு’ என இரண்டு அதிகாரங்களைத் தனியே வகுத்தார். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் சபைகளில் பணியாற்றும் போதகர்களுக்கு இப்பொருள் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. முன்னாளில் சமவெளிக் கிராமங்களிலிருந்து தோட்டத்திற்கு ஆள் சேர்த்த மேஸ்திரி, பகைவனாக அன்று, நண்பனாகவே வந்தான். அவன் கொடுத்த முன்பணமே அந்நட்பின் அடையாளமாயிற்று.

அவ்வுறவை நுட்பமாகக் காட்டும் நாவல், பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட ‘ரெட் டீ’ ஆகும். இரா. முருகவேளின் தமிழாக்கம் ‘எரியும் பனிக்காடு’ என 2007இல் வெளிவந்தது. கதைக்களம் ஆனைமலை, ஆயினும் மேஸ்திரி முறை இரு மலைகளுக்கும் பொதுவானது. மயிலோடைக் கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் சங்கரபாண்டி மேஸ்திரியின் இன்சொல்லை நம்பி மலையேறுகின்றனர். நல்ல கூலி கிடைக்குமென்பது சொல்லப்பட்டது. காய்ச்சலும் அடியும் தீராத கடன் கணக்கும் சொல்லப்படவில்லை. ஆசிரியர் தோட்ட மருத்துவராக இருந்தவர். ஆதலின் மிகைபடக் கூறாமலே துயரத்தை உணர்த்துகிறார். மேஸ்திரியும் துரையின் கீழ்க் கமிஷனுக்கு உழைப்பவனே என்பதை நாம் மறக்கலாகாது.

இதனோடு கர்ணனின் கதையை ஒப்பிடுவோம். குலம் கேட்டு அவையோர் முன் இழிவு செய்யப்பட்ட தேரோட்டி மகனுக்குத் துரியோதனன் அங்க நாட்டை அளித்தான். அவ்வன்பு பொய்யென்று நாம் கூறத் துணியோம். ஆயினும் அருச்சுனனுக்கு எதிராக ஒரு வில்லாளி அவனுக்குத் தேவைப்பட்டான் என்பதும் மெய்யே. தன் பிறப்பை அறிந்த பின்னும் கர்ணனால் விலக இயலவில்லை. இதனைச் செஞ்சோற்றுக் கடன் எனத் தமிழ் மரபு போற்றுகிறது. முன்பணத்திற்கும் அங்க நாட்டிற்கும் மலைக்கும் மடுவிற்கும் உள்ள வேற்றுமை உண்டு. ஆனால் இரண்டையும் பெற்றவர் ‘மாட்டேன்’ என்னும் சொல்லை இழந்தனர். காவியம் அவ்விழப்பிற்குப் புகழ்மாலை சூட்டுகிறது. நாவலோ அதன் விலையைக் கணக்கிடுகிறது.

யோனத்தானும் தாவீதும் சமமானவர் அல்லர். ஒருவன் அரசிளங்குமரன், மற்றவன் ஆட்டிடையன். ஆயினும் யோனத்தான் தன் சால்வையையும் பட்டயத்தையும் வில்லையும் தானே கழற்றிக் கொடுக்கிறான் (1 சாமு. 18). கொடுத்தவனே தாழ்கிறான். பின்னர்ச் சவுலின் சினத்தை மறைக்காமல் அறிவித்து, தன் சிங்காசனத்திற்கே போட்டியாக வரத்தக்கவனைத் தப்பிச் செல்ல விடுகிறான். அதே தாவீதின் வீட்டில் அம்னோனுக்கு யோனதாப் என்னும் சிநேகிதன் இருந்தான். அவனது தந்திரமான ஆலோசனையால் அழிவுற்றவள் தாமார் (2 சாமு. 13). சமமான நிலையும் நட்பைத் தூய்மையாக்கிவிடாது என்பதற்கு இது சான்று. இருவரும் அரச குடும்பத்தினரே.

ஆகவே ஏற்றத்தாழ்வு மட்டுமே குற்றமன்று. பெறுபவன் அறியவேண்டியதைக் கொடுப்பவன் மறைக்கிறானா? பெற்றவன் மறுக்கவும் விலகவும் இயலுமா? இவ்விரண்டுமே உரைகற்கள். தாம் அறிந்ததை அறிவித்ததனாலேயே சீஷரை ஊழியக்காரர் என்னாது சிநேகிதர் என்றார் இயேசு (யோவான் 15:15). முன்பணக் கடனில் உழன்றோரின் பேரப்பிள்ளைகள் அமர்ந்திருக்கும் ஆலயத்தில், கர்ணனின் நன்றியை ஆராயாமல் புகழ்வது தகாது. பள்ளியில் இடமும் வேலைக்குப் பரிந்துரையும் பெற்றுத்தரும் போதகர், அவற்றைப் பெற்ற குடும்பம் சபைக் கூட்டத்தில் தமக்கு எதிராகக் கை உயர்த்த இயலுமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் நலம்.