வெந்தயம் முளைக்கும் நேரத்தில்

இரவு தண்ணீரில் போட்ட வெந்தயம் விடிவதற்குள் உப்பி, வழவழத்து, விரலோடு ஒட்டும். நீரை வடித்து ஈரத்துணியில் முடிந்து வைத்தால் அடுத்த ஓரிரு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அப்போது நாலைந்தை வாயில் போட்டு மென்றால் கசப்பு தணிந்திருப்பது தெரியும். மண்ணில் தூவினால் மூன்று வாரத்தில் கீரை. அஞ்சறைப் பெட்டியில் தாளிப்புக்கென்று கிடக்கிற ஒரு பொருளுக்குள் இத்தனை பருவங்கள்.

வீட்டுக்குள்ளேயே கிடைக்கிற இன்பங்களை ரசிக்க விரும்புகிறவர்களுக்கு முதல் பாடம் இதில் இருக்கிறது. எளிய சமையல், ஜன்னலோரச் செடி, ஓய்வுநேரப் புத்தகம் மூன்றும் தமக்கென்று ஒரு நேரக்கணக்கு வைத்திருக்கின்றன. ரசத்துக்கு நொடிக்கணக்கு, தோசைமாவுக்கு மணிக்கணக்கு, கொத்தமல்லிக்கு வாரக்கணக்கு, பெரிய தன்வரலாறு ஒன்றுக்கு மாதக்கணக்கு. அந்தக் கணக்கு பிடிபட்டால் எதை எப்போது முகர்வது, எப்போது கிள்ளுவது, எப்போது மூடிவைப்பது என்பதும் தானாகப் பிடிபடும். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

நொடிக்கணக்கிலிருந்து தொடங்கலாம்.

ரசம் கொதிக்கும்போது அடுப்படியை விட்டு நகராமல் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். புளிக்கரைசல் சூடேறும்போது முதலில் வருவது பச்சை வாசனை. தக்காளி குழைந்து அந்த வாசனை அடங்கியதும் பருப்புத் தண்ணீர் விட்டு விளாவுகிறார்கள். சற்று நேரத்தில் பாத்திரத்தின் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கி நடுவை நோக்கி வரும். நுரை முழுக்கக் கூடி மேலே எழும்பும் அந்தக் கணத்தில் இறக்கிவிட வேண்டும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லிக்கொடுக்கும் பாடம். அதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. மிளகு, சீரகம், மல்லித்தழை இவற்றின் மணமெல்லாம் எளிதில் ஆவியாகிவிடும் எண்ணெய்களில் இருக்கிறது. கொதி நீள நீள அந்த மணம் வீடு முழுக்கப் பரவும், பாத்திரத்தில் மிஞ்சாது. மிளகின் காரமோ பைப்பரின் என்ற வேறொரு பொருளால் வருவது, அது அப்படிப் பறந்துபோவதில்லை. அதனால்தான் அதிகம் கொதித்த ரசம் காரமாக இருந்தும் சப்பென்று படுகிறது.

தாளிப்பைக் கண்ணை மூடிக்கொண்டும் ரசிக்கலாம். கடுகுக்குள் இருக்கும் ஈரம் நீராவியாகி ஓட்டை உடைக்கும் சத்தம் முதலில். அது ஓயும் தறுவாயில் கறிவேப்பிலை விழுந்து படபடக்கும், அதுவும் இலையிலிருக்கும் ஈரத்தின் வேலைதான். பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலங்களில் விளையும் ஒரு செடியின் வேரைக் கீறி வடிக்கும் பால். டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அதன் கந்தக நெடி, சூடான நெய்யில் பொரிந்ததும் வெங்காயமும் பூண்டும் வதங்கிய மணமாக மாறிவிடுகிறது. நெடியிலிருந்து மணத்துக்கு நேரும் அந்த மாற்றம் சில நொடிகளில் முடிந்துவிடும். அடுப்பை விட்டுத் தள்ளி நின்றால் தவறிப்போகும்.

ஈயச்சொம்பு வைத்திருக்கும் வீடுகளில் இன்னொரு கவனமும் உண்டு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் உலோகம். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் சிறிது நேரத்தில் அடி இளகிப்போகும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டாது, சொம்பும் தப்பிக்கும். முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு என்ற பாட்டிகளின் கண்டிப்பு இதிலிருந்து வந்தது. வாங்கும்போது அது காரீயம் கலக்காத வெள்ளீயம்தானா என்று நம்பிக்கையான இடத்தில் விசாரித்து வாங்குவது மிக முக்கியம்; காரீயம் உடம்புக்கு நஞ்சு.

ரசம் இறங்கியதும் உடனே கரண்டியால் கலக்கிவிடாமல் ஐந்து நிமிடம் மூடிவைக்கலாம். தெளிவு மேலே நிற்கும், மண்டி கீழே இறங்கும். தெளிவை ஒரு டம்ளரில் எடுத்துக் குடித்தால் புளிப்பும் மணமும் முன்னால் வரும். மண்டியில் பருப்பின் கனமும் மிளகின் நறநறப்பும் இருக்கும். இரண்டையும் தனித்தனியே சுவைத்துவிட்டு, பிறகு கலக்கி, குழைந்த சோற்றில் நெய்யோடு பிசைந்து சாப்பிட்டால் மூன்று வகை ருசி ஒரே பாத்திரத்திலிருந்து கிடைக்கும். தொட்டுக்கொள்ள சுட்ட அப்பளம் போதும். நாலு கறி, இரண்டு கூட்டு என்று தட்டு நிறைந்திருக்கும் நாளில் ரசத்தின் இந்த நுணுக்கம் காணாமல் போய்விடுகிறது. எளிய சாப்பாட்டின் பெரிய வசதி, நாக்குக்குக் கவனிக்க இடம் கிடைப்பது.

மாவின் கணக்கு மெதுவானது. அரைத்து வைத்த தோசைமாவில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. உளுந்தோடு வரும் லியூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்கி மாவைப் புளிக்கவும் பொங்கவும் வைக்கின்றன. சித்திரையில் எட்டு மணி நேரம் போதுமாக இருப்பது மார்கழியில் பன்னிரண்டைத் தாண்டும். காலையில் மூடியைத் திறந்ததும் மேற்பரப்பில் குமிழிகளைப் பார்க்கலாம்; காதருகே கொண்டுபோனால் அவை உடையும் மெல்லிய ஓசையும் கேட்கும். முதல் நாள் மாவு இட்லிக்கு, மறுநாள் தோசைக்கு, அதற்கும் மறுநாள் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்ட ஊத்தப்பத்துக்கு என்று வீடுகள் பிரித்து வைத்திருப்பது புளிப்பின் வளர்ச்சியை வரிசையாக ருசிக்கும் முறை.

இனி ஜன்னல். தொட்டி வாங்குவதற்கு முன் வெயிலைப் படிக்க வேண்டும்.

சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் அங்கே நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, நட்டு வைத்த குச்சிக்கு நிழல் விழாது. கன்னியாகுமரியில் இது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நடக்கும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் சூரியன் வடக்கே போய்விடுவதால், வெயிலே வராது என்று ஒதுக்கிய வடக்கு ஜன்னலுக்கு வைகாசி, ஆனியில் காலையும் மாலையும் சாய்வெயில் கிடைக்கிறது. மார்கழியில் கதை தலைகீழ். சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறையின் உட்பகுதி வரை நீளும். மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், தரையில் வெயில் முடியும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைத்தால் வீட்டுக்கென்று சொந்தமாக ஒரு பஞ்சாங்கம் உருவாகிவிடும். எந்த மாதத்தில் எந்தத் திட்டில் செடி, எங்கே நாற்காலி என்பதை அதுவே சொல்லும். கீரைக்குக் கிழக்கு ஜன்னல் எப்போதும் நல்லது. மேற்கு ஜன்னலின் பிற்பகல் வெயில் கோடையில் தளிரைக் கருக்கிவிடும்.

முதல் பயிராக வெந்தயத்தையே சொல்லலாம், அது யாரையும் ஏமாற்றுவதில்லை. அடியில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா, நாலு விரல் உயரத்துக்கு மண்ணும் தென்னைநார்த் தூளும் மண்புழு உரமும் கலந்த கலவை, ஊறிய விதை, மேலே மெல்லிய மண் போர்வை. நாலைந்து நாளில் பசுமை தெரியும். இங்கேதான் பூதக்கண்ணாடி வேண்டாத ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. முதலில் பிரிவது இரண்டு தடித்த விதையிலைகள். அடுத்து வருவது ஒற்றை வட்ட இலை. அதற்குப் பிறகுதான் வெந்தயக்கீரைக்கே உரிய மூவிலைக் கொத்து. பருப்பு, பயறு, உளுந்து எல்லாம் சேர்ந்த அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது இந்தச் செடி. மூன்றாம் வாரத்தில் வேரோடு பிடுங்காமல் கத்தரியால் மேலாக வெட்டினால் கொஞ்சம் மறுதளிரும் கிடைக்கும். ஒரு டப்பாக் கீரை ஒரு குடும்பத்துக்குக் குழம்பு வைக்கப் போதாது. இரண்டு சப்பாத்திக்கோ ஒரு கரண்டி பாசிப்பருப்புக்கோ போதும்; அந்த அளவே அதன் அழகு.

கொத்தமல்லிக்குப் பொறுமை கூடுதலாக வேண்டும். தனியா என்று நாம் வாங்குவது இரண்டு பாதிகள் ஒட்டிய காய். பூரிக்கட்டையை லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து விதைத்தால் சீராக முளைக்கும். முளைவிட ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் பிடிக்கும், மண் காயக்கூடாது. வெயில் ஏறும் மாதங்களில் இலைகள் திடீரென்று நூல் நூலாகப் பிரியத் தொடங்கினால் செடி பூக்கத் தயாராகிறது என்று அர்த்தம். பலர் அத்தோடு பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். விட்டுவைத்தால் வெள்ளைப் பூ, அதன்பின் பச்சைக் காய். அந்தப் பச்சைக் காயைக் கடித்தால் தழையின் மணமும் தனியாவின் மணமும் ஒரே நேரத்தில் வாயில் திறக்கும். கடையில் எங்கேயும் கிடைக்காத ருசி அது. வளர்ப்பவருக்கு மட்டும் கிடைக்கிற கூலி.

புதினாவுக்கு விதையே தேவையில்லை. சட்னிக்கு வாங்கிய கட்டில் தடித்த தண்டை எடுத்துத் தண்ணீரில் நிறுத்தினால் கணுவில் வேர்விடும். கறிவேப்பிலை மட்டும் ஜன்னல் திட்டில் அடங்காது, பெரிய தொட்டியும் நல்ல வெயிலும் கேட்கும், முதல் ஓராண்டு கஞ்சத்தனமாகத்தான் வளரும். ஆனால் அதன் தாவரவியல் பெயருக்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி டேனிஷ் குடியேற்றத்துக்கு வந்து செடிகளைத் திரட்டிய ஜோஹான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் மாணவர். அவர் பெயரால்தான் கறிவேப்பிலை உலகமெங்கும் ‘கோனிகி’ என்று அறியப்படுகிறது.

செடிக்குத் தண்ணீர் தனியாகத் தேட வேண்டாம். உப்புப் போடுவதற்கு முன் எடுத்த கழனித் தண்ணீர் போதும்.

புளி ஊற இருபது நிமிடம், மாவு பொங்க ஓர் இரவு, மல்லி முளைக்க இரண்டு வாரம். இந்த இடைவெளிகளில்தான் புத்தகம் வந்து உட்காருகிறது. எல்லாப் புத்தகமும் எல்லா இடைவெளிக்கும் பொருந்தாது என்பதை முதலில் ஒப்புக்கொள்வது நல்லது. அடுப்பில் கண் வைத்துக்கொண்டு நாவல் படிப்பது நாவலுக்கும் அநியாயம், பாலுக்கும் அநியாயம். அப்படிப்பட்ட துண்டு நேரத்துக்கு அகராதி பொருத்தமானது. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதியை எந்தப் பக்கத்தில் திறந்தாலும் ஒரு மண்ணின் பேச்சு காதில் விழும். இரண்டு சொல் படித்துவிட்டு மூடிவைத்தால் நட்டமில்லை.

சமையல் புத்தகத்தையும் சமைக்காமல் படித்துப் பார்க்கலாம். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வெளிவந்தது. கேஸ் அடுப்பும் மிக்ஸியும் வீடுகளுக்கு வராத காலம், மெட்ரிக் அளவுகள் நாட்டில் புழக்கத்துக்கு வராத காலம். பக்கத்தில் பெரியவர்கள் இல்லாத இளம் பெண்ணுக்கும் கைப்பக்குவத்தை எழுத்தில் கொடுத்துவிட முடியும் என்ற நம்பிக்கை அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு குறிப்பிலும் தெரிகிறது. இன்றைய அடுக்களையில் எது மாறியிருக்கிறது, எது மாறவே இல்லை என்று ஒப்பிட்டுக்கொண்டே படித்தால் அது ஒரு சமூக வரலாறாக விரியும்.

ஒரு முழு மதியம் கிடைத்தால் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சிறிய நாவல், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்துக்குள் நடக்கும் வாழ்க்கை அது. கோடையில், குடத்தில் பிடித்துவைத்த தண்ணீரிலிருந்து செடிக்கு ஒரு குவளை மொள்ளும் நாளில் படித்தால் அதன் ஒவ்வொரு பக்கமும் வேறு கனத்தோடு இறங்கும். புத்தகத்துக்கும் பருவம் உண்டு.

மாதக்கணக்கில் நீளும் வாசிப்புக்கு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ போல் இன்னொன்று இல்லை. 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. வாரம் ஒன்றாகப் படிக்க எழுதப்பட்டதால் அத்தியாயங்கள் சிறியவை. புளி ஊறும் நேரத்தில் ஒன்று முடியும். முதல் அத்தியாயமே ஏகாதசி நாளில் தவறுதலாக வெற்றிலை போட்டுக்கொண்ட அரசன் ஒருவன், பரிகாரமாக உத்தமதானபுரம் என்ற ஊரை உண்டாக்கிய கதையோடு தொடங்குகிறது. ஒரே வாரத்தில் விழுந்து விழுந்து படித்து முடிக்க வேண்டிய புத்தகம் இல்லை இது. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு, முடிந்தால் வீட்டில் இன்னொருவருக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தால், திருவாவடுதுறை மடமும் சாமிநாதையரின் ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் வீட்டுக்கு வந்துபோகும் உறவினர் அளவுக்கு நெருங்கிவிடுவார்கள். இளைஞரான சாமிநாதன் ஆசிரியரைத் தேடி அலையும் பகுதிகளில் அவசரப்படாமல் நிற்பது நல்லது. பின்னால் வரும் ஏட்டுச்சுவடித் தேடலின் பிடிவாதம் அங்கேதான் உருவாகிறது.

1942-இல் சாமிநாதையர் மறைந்ததால் அந்தச் சரித்திரம் பாதியில் நின்றுவிட்டது. மேற்கொண்டு என்ன நடந்தது என்று தவிப்பவர்கள் அவருடைய மாணவர் கி.வா. ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப் பிரான்’ நூலை எடுத்துக்கொள்ளலாம். கடையில் தென்படாவிட்டால் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.