ஒரு விளையாட்டும் சில லைக்குகளும்

வீடியோ கேமைப் பற்றிச் சிறுபத்திரிகையில் எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சினிமாவைப் பற்றித் தீவிரமாக எழுத முற்பட்டவர்களிடமும் ஒரு காலத்தில் இதே முகச்சுளிப்பு காட்டப்பட்டது. ஒரு சாதனத்தில் பெரும்பகுதி குப்பை என்பது அந்தச் சாதனத்தைப் பற்றிய தீர்ப்பாகிவிடாது. நாவலுக்கும் அதுதான் கதி. மிட்டாய்களை வரிசை சேர்த்து வெடிக்கவைக்கும் விளையாட்டுகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் ஆடிவிட்டுப் போகட்டும். நான் பேச விரும்புவது ஒரே ஒரு விளையாட்டைப் பற்றி. ஆனால் அதைப் பேசப்போனால் ஃபேஸ்புக்கையும், அதில் நான் செய்த ஒரு காரியத்தையும் பேசியாக வேண்டியிருக்கிறது.

விளையாட்டின் பெயர் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. 2013இல் வெளிவந்தது. லூகாஸ் போப் என்ற அமெரிக்கர், பெரிய ஸ்தாபனம் ஒன்றின் வேலையை விட்டபின், ஜப்பானில் இருந்துகொண்டு அநேகமாகத் தனியாளாகவே செய்தது. அர்ஸ்டோட்ஸ்கா என்று ஒரு கற்பனை நாடு. பழைய கிழக்கு ஐரோப்பாவின் சாயல். வருஷம் 1982. குலுக்கலில் உங்களுக்கு எல்லைச் சாவடியில் வேலை விழுகிறது. வரிசையில் வருகிறவர்களின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்தித் திருப்பித் தர வேண்டும். சரியாகப் பார்த்து அனுப்பும் ஆளுக்கு 5 கிரெடிட் கூலி. மாலை 6 மணிக்குச் சாவடி மூடியதும் வீட்டுக் கணக்கு வருகிறது: வாடகை, சாப்பாடு, கணப்பு. மனைவி, மகன், மாமியார், மாமா இவர்களில் யார் பசியில், யார் குளிரில், யார் நோயில் என்று ஒரு பட்டியல்.

நான் வங்கியில் எழுத்தர். அந்த மேஜை எனக்குப் பரிச்சயமானது. காகிதங்களைப் பரப்பிவைக்க இடம் போதாது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். தினம் காலையில் ஒரு புது உத்தரவு. நேற்று செல்லுபடியான சீட்டு இன்று செல்லாது. ஆனால் 'அட, நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கிறதே' என்ற சந்தோஷம் மட்டும் ஒரு படைப்பைக் கலையாக்கிவிடாது. அந்தச் சந்தோஷத்தைத் தருவதற்குத் தொடர்கதைகளே போதும்.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தச் சாவடியில் நாளொன்றுக்கு முதல் இரண்டு தவறுகளுக்குத் தண்டனை இல்லை; எச்சரிக்கைச் சீட்டு மட்டும் வரும். மூன்றாவது தவறுக்கு 5 கிரெடிட் பிடித்தம். ஒருநாள் ஒரு மனிதர் வருகிறார். காகிதங்கள் எல்லாம் ஒழுங்கு. உள்ளே போகும்போது, அடுத்து என் மனைவி வருகிறாள், கொஞ்சம் கருணை காட்டுங்கள் என்கிறார். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். நான் அதற்குள் அன்றைய இரண்டு தவறுகளையும் செய்து முடித்திருந்தேன், கருணையால் அல்ல, ஒரு தேதியையும் ஒரு ஊர்ப்பெயரையும் சரியாகப் பார்க்காததால். சிவப்பு முத்திரை குத்தினேன். என் கண் அயர்ச்சிக்கும் அவள் உயிருக்கும் ஒரே கணக்கிலிருந்துதான் செலவு என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாளிலிருந்து நான் இரண்டையும் சேமிக்கத் தொடங்கினேன். எல்லோருடைய காகிதங்களையும் முன்னைவிடக் கறாராகச் சோதித்தேன், யாராவது ஒருவருக்கு இரக்கம் காட்ட இடம் இருக்கட்டும் என்று. சாயங்காலம் இரண்டும் செலவாகாமல் மிஞ்சியிருந்தன. எனக்கு ஒரு திருப்தி உண்டாயிற்று. அந்தத் திருப்தி எத்தனை ஆபாசமானது என்பது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. இப்படியொரு அதிகாரியை ஒரு நாவலாசிரியன் எழுதிக்காட்டலாம். படிக்கிறவன் அவனை வெறுத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டலாம். இங்கே குத்தியது என் கை. இரண்டு காகிதங்களில் பெயர் ஒரு எழுத்து மாறியிருந்ததற்காகக் கவுண்டரிலிருந்து நான் திருப்பி அனுப்பிய ஒரு கிழவியின் முகம் எத்தனையோ வருஷம் கழித்து ஞாபகத்துக்கு வந்தது. விதிப்படி நான் செய்தது சரிதான்.

இனி ஃபேஸ்புக். லைக் பொத்தான் வந்தது 2009இல். கோபம், சிரிப்பு, அழுகை முகங்கள் 2016இல் சேர்ந்தன. 2017இல், எந்தப் பதிவை யாருக்கு முன்னால் நிறுத்துவது என்று தீர்மானிக்கும் அந்த யந்திரம், ஒரு லைக்குக்கு 1 மதிப்பெண் என்றால் ஒரு கோப முகத்துக்கு 5 என்று வைத்திருந்தது. பின்னால் படிப்படியாகக் குறைத்து 2020இல் கோபத்தைப் பூஜ்யமாக்கினார்கள். இதெல்லாம் நமக்குத் தெரியவந்தது 2021இல், உள்ளே இருந்த காகிதங்கள் வெளியே கசிந்த பிறகு. அந்த ஆண்டுகளில் அங்கே நடந்த இலக்கியச் சண்டைகளை நினைத்துப் பார்க்கிறேன். யார் கோபம் எவ்வளவு, அதில் அந்த 5 சேர்த்துக் கொடுத்தது எவ்வளவு என்று பிரித்தறிய இப்போது வழியில்லை. போப்பின் சாவடியில் விதிப்புத்தகம் மேஜைமேலேயே கிடக்கிறது. கொடூரமான விதிகள்தாம், ஆனால் பிரித்துப் படிக்கலாம். ஃபேஸ்புக்கில் நாம் ஆட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே நமக்குச் சொல்லப்படவில்லை.

பத்திரிகாசிரியர்களின் ஏகபோகத்தை ஃபேஸ்புக் உடைத்தது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அவர்களுடைய அலமாரிகளில் மக்கிப்போன கவிதைகள் எத்தனை என்று எனக்கும் தெரியும். என்னுடையவையும் அதில் உண்டு. என் ஆட்சேபம் அங்கே குத்தப்படும் முத்திரையின் மேல். அதற்கு விலையே இல்லை. விலை இல்லாததால் குத்தினோம் என்ற பிரக்ஞையும் இல்லை.

சென்ற வருஷம் ஒரு நண்பரின் கவிதைத் தொகுப்பைக் கிண்டலடித்து ஒருவர் நாலு வரி போட்டிருந்தார். கிண்டல் சாமர்த்தியமானது. சாப்பாட்டு இடைவேளையில் பார்த்தேன், சிரித்தேன், லைக் போட்டேன். தொகுப்பை அப்போது நான் படித்திருக்கவில்லை. படித்துவிட்டு எட்டுப் பக்கத்துக்குத் தாக்கி எழுதியிருந்தால் அதற்குப் பெயர் விமர்சனம். அதன் பொருட்டு அவர் பத்து வருஷம் பேசாதிருந்தாலும் அது கௌரவமான பகை. பிறகு படித்தேன். மூன்று கவிதைகள் அவருடையவை, மறுக்க முடியாதவை. மற்றவை முன்னோர்களின் குரலில் பேசுகின்றன. இதை அவரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றிருந்தது. என் பெயரைப் பார்த்தால் அவர் போனை எடுப்பதில்லை.

'பேப்பர்ஸ், ப்ளீஸ்'ஸில் கடந்துபோன ஒரு நாளுக்குத் திரும்பிப்போய் அங்கிருந்து மறுபடி ஆடலாம். போனேன். அந்தப் பெண் வந்தபோது அன்றும் என் இரண்டு தவறுகள் தீர்ந்திருந்தன. பச்சை குத்தினேன். 5 கிரெடிட் பிடித்துக்கொண்டார்கள். அன்றிரவு வீட்டில் கணப்பு கிடையாது. ஃபேஸ்புக்கிலும் அந்தப் பதிவைத் தேடிப்பிடித்து லைக்கை நீக்கினேன். நீக்கியதை அது யாருக்கும் அறிவிப்பதில்லை.